அவுட்போர்டு எஞ்சினின் சிலிண்டருக்குள் பார்க்க: ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு பாம்புக் கேமரா, ஒரு கசிவுமானி

வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் பழையதாக வாங்கப் போகிறவர்களுக்காகவும், சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றாமலே சிலிண்டரின் நிலையை அறிய விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பவை மூன்று கருவிகள். பிளக் துளையில் திருகிப் பொருத்தி, பிஸ்டன் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று. கைப்பேசியோடு இணைத்துச் சிலிண்டருக்குள் நுழைக்கும் பாம்புக் கேமரா ஒன்று. காற்றை ஏற்றி எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்கும் கசிவுமானி ஒன்று. முதல் இரண்டையும் தயங்காமல் வாங்குங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மட்டுமே வைத்திருப்பவருக்கு அவசியமில்லை.

எங்கள் வீடு குளச்சலில். அப்பாவும் தம்பியும் ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார்கள். நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். வீட்டு எஞ்சின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது வள்ளங்கள் கரையேறி நிற்கும். பழைய எஞ்சின்கள் கைமாறுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். உறவுக்காரர்கள் எஞ்சின் பார்க்கக் கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பெயின்ட் புதிதாக இருக்கும், மூடியில் ஸ்டிக்கர் பளபளக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. லட்சத்தை நெருங்கும் பணத்தைச் சத்தத்தை மட்டும் கேட்டு எண்ணிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. கருவிகள் வாங்கியது அதற்காகத்தான்.

நான் அதிகம் சோதிப்பது யமஹா எண்டூரோ 15 குதிரைத்திறன் எஞ்சினை. இரண்டு சிலிண்டர், மொத்தம் 246 சி.சி.; சிலிண்டரின் உள்விட்டம் 56 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 50 மி.மீ. அடுத்தபடியாக சுசுகி டிடி 15. அது 284 சி.சி., விட்டம் 59 மி.மீ. இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் கேஜ்கள் பெரும்பாலும் காருக்கென்று செய்யப்பட்டவை. கார் எஞ்சினில் பெரும்பாலும் ஒரு சிலிண்டருக்கே இருநூற்றைம்பது சி.சி.க்கு மேல் இருக்கும். நம்முடையதில் வெறும் 123. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கியவர்கள்தாம் கேஜைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கேஜ் வாங்கும்போது முகப்பைப் பார்ப்பதற்கு முன் மரையைப் பாருங்கள். எங்கள் எஞ்சினுக்கு வரும் பி7எச்எஸ் வகை பிளக்கின் மரை 14 மி.மீ. தடிமன், நீளம் 12.7 மி.மீ. நான் வாங்கிய செட்டில் 14 மி.மீ. அடாப்டர்கள் இரண்டு வந்தன. ஒன்று குட்டை, மற்றது 19 மி.மீ. நீளம். நெடியதை நம் ஹெட்டில் முழுவதும் திருகினால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கயிற்றை இழுத்ததும் பிஸ்டன் வந்து அதில் இடிக்கலாம். இடிக்காவிட்டாலும் உள்ளே போன மரையில் கரி ஒட்டிக்கொண்டு, திரும்ப எடுக்கும்போது அலுமினிய ஹெட்டின் மரையை அரித்துவிடும். செட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையை எழுதாமல் விட்டது அந்தச் செட்டின் பெரிய குறை. நெடிய அடாப்டரை நான் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டேன், அவசரத்தில் தம்பி கைக்குச் சிக்கிவிடக் கூடாது என்று.

அடுத்தது ஒருவழி வால்வு. ரப்பர் குழாயின் எந்த முனையில் அது இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். பிளக் துளைக்குள் போகும் முனையிலேயே இருக்க வேண்டும். சில செட்டுகளில் வால்வு கேஜின் பக்கம் இருக்கிறது. அப்படியானால் குழாயின் உள்ளிடமும் எரியறையோடு சேர்ந்துகொள்ளும். முப்பது சென்டிமீட்டர் நீளமும் ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாயில் ஏறத்தாழ ஆறு சி.சி. இடம் இருக்கிறது. 123 சி.சி. சிலிண்டரின் காற்றை அமுக்கிவைக்கும் சின்ன எரியறைக்கு ஆறு சி.சி. மிகப் பெரியது. நல்ல எஞ்சின் கூட நோயாளி போல எண் காட்டும். பெரிய கார் எஞ்சினில் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் அந்த வகைக் கேஜ் கார் மெக்கானிக்கிடம் நல்ல பெயரும் கடற்கரையில் கெட்ட பெயரும் வாங்குகிறது.

அந்த வால்வுக்குள் இருக்கும் ஊசி, சைக்கிள், பைக் டயர்களில் பார்க்கிற ஊசி போலவே தோன்றும். ஆனால் அதன் ஸ்பிரிங் மிக இளகியது. கெட்டுப்போனால் பஞ்சர் கடையில் வாங்கி மாட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டயர் ஊசியின் ஸ்பிரிங் இறுக்கமானது; அதைத் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும், கேஜ் குறைத்துக் காட்டும். கேஜுக்கென்று விற்கும் ஊசியையே மாற்றுங்கள். கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர்க் கூம்புக் கேஜைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கையால் கேஜை அழுத்தி மறு கையால் கயிறு இழுத்தால் எண் ஒவ்வொரு முறையும் மாறும். வாங்க வேண்டாம்.

அளக்கும் முறை சுருக்கமாக. எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓடவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகும். நிறுத்திய பின் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் ஒயர்களை எஞ்சின் உடம்போடு தொடுமாறு எர்த் செய்து, எஞ்சினை உடனே நிறுத்துவதற்கான சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். திறந்து கிடக்கும் ஒயரில் பொறி பாயத் தேடினால், பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கு ஆபத்து. கார்புரேட்டர் முழுவதும் திறந்திருக்க வேண்டும். நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டர் முழுவதும் திரும்பாத மாடல்களில் அதன் தட்டைக் கையால் திறந்து பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பிறகு முள் இதற்கு மேல் ஏறாது என்கிற வரை ஒரே வேகத்தில் கயிற்றை இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே ஆள் இழுக்க வேண்டும். தம்பி இழுத்தால் ஒரு எண், அப்பா இழுத்தால் வேறு எண் வருகிறது.

வரும் எண்ணை எப்படிப் படிப்பது? எங்கள் எஞ்சினில் மேல் சிலிண்டர் 115, கீழ் சிலிண்டர் 112 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. கிலோ கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோவை ஒட்டி. மெக்கானிக்குகள் முதலில் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். தனி எண்ணை மட்டும் வைத்து இன்னொருவர் எஞ்சினோடு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம். மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட எஞ்சினில் அமுக்கம் பெட்ரோல் எஞ்சினை விடக் குறைவாகவே வடிவமைத்திருப்பார்கள். அதில் எண் குறைந்திருப்பது நோயல்ல. என்னுடைய கேஜே ஐந்து பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டுகிறது, கசிவுமானியின் முகப்போடு வைத்துப் பார்த்ததில் தெரிந்தது. எப்போதும் அதே அளவு கூட்டுவதால் எனக்கு அது தொந்தரவில்லை. அளந்த எண்களைத் தேதியோடு எஞ்சின் மூடியின் உள்பக்கத்திலேயே மார்க்கரால் எழுதிவைக்கிறேன். ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது அந்த எண்கள்தாம் பேசும்.

இனிக் கேஜின் எல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

டூ-ஸ்ட்ரோக்கில், சிலிண்டர் சுவரில் புகை வெளியேற இருக்கும் புகைத் துளையைப் பிஸ்டன் தாண்டி மூடிய பிறகுதான் காற்று அமுங்கத் தொடங்கும். ஆக கேஜ் சோதிப்பது சிலிண்டரின் தலைப்பக்கத்துச் சுவரையும் அந்த இடத்தில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எப்படிப் பிடிக்கின்றன என்பதையும் மட்டுமே. புகைத் துளைக்கு அந்தப் பக்கம் சுவரில் எவ்வளவு கீறல் இருந்தாலும், ரிங்குகளை அடுத்துள்ள பிஸ்டனின் பாவாடைப் பகுதி எவ்வளவு உரசியிருந்தாலும் முள்ளுக்குத் தெரியாது. கிராங்க் பேரிங்கின் ஆட்டமும் ஆயில் சீலின் கசிவும் அதில் வராது. போதாததற்கு எண்ணை உயர்த்திக் காட்டும் காரணங்களும் இருக்கின்றன. கரி தடித்துப் படிந்தால் எரியறை சுருங்கி எண் ஏறும். விற்பவர் பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் ஊற்றி வைத்திருந்தால் ரிங்கின் இடுக்குகள் அடைபட்டு எண் ஏறும். இந்தத் தந்திரம் நம் கரையில் புதிதல்ல. அதனால் கேஜை மாட்டுவதற்கு முன் பிளக் இல்லாமல் சில இழுப்புகள் இழுத்து, துளையிலிருந்து ஆயில் தெறிக்கிறதா என்று ஒரு வெள்ளைத் துணியைக் காட்டிப் பார்ப்பேன்.

ஆயில் ஊற்றிப் பார்ப்பதை ஒரு சோதனையாகவும் சொல்வார்கள்: ஒரு தேக்கரண்டி ஊற்றியதும் எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் இருக்கும் கேஸ்கெட்டின் கசிவு என்று. நிமிர்ந்து நிற்கும் கார் சிலிண்டருக்கு அது பொருந்தும். அவுட்போர்டில் சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது. ஊற்றிய ஆயில் ஒரே பக்கமாக வழிந்து தேங்கும், சுற்றிலும் பரவாது. ஃபிளைவீலைச் சுற்றிப் பரப்பிவிட்டாலும் அந்த விடையை நான் முழுவதும் நம்புவதில்லை.

கேரளத்திலிருந்து வந்த ஒரு 15 குதிரைத்திறன் எஞ்சினைப் பார்க்கப் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவோடு போனேன். கேஜ் மேலே 118, கீழே 114 காட்டியது. சித்தப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நம்பர் நம்ம எஞ்சினை விட நன்றாக இருக்கிறதே மக்களே, முடித்துவிடலாமா?" என்றார். "கொஞ்சம் பொறுங்கள் சித்தப்பா" என்று சொல்லி, எஞ்சின் ஆறியதும் கேமராவை விட்டேன். மேல் சிலிண்டரில் சுவர் முழுக்க மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தன. சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் போட்ட தடம் அது, அழியாமல் இருந்தது. கீழ் சிலிண்டரில் புகைத் துளையின் இரு பக்கமும் நீளவாக்கில் கீறல்கள். அவற்றின் மேல் வெள்ளி நிறத்தில் இழுபட்ட பூச்சு. பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் ஒட்டிய தடம். எப்போதோ அந்த எஞ்சின் சூடேறிப் பிடித்திருக்கிறது. சித்தப்பாவின் கையில் கைப்பேசியைக் கொடுத்தேன். விற்றவரும் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு விலை தானாக இறங்கியது. சித்தப்பா அந்த எஞ்சினையே எடுத்தார், ஆனால் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் போரிங் கூலியும் அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் கணக்கில் சேர்த்துத்தான் எடுத்தார். நாகர்கோவில் பட்டறையில் பிரித்தபோது அந்தப் பிஸ்டனின் புகைப்பக்கம் சொரசொரவென்று இருந்தது.

கேமராவின் தரம் பற்றி. முதலில் ஒற்றை லென்ஸ் உள்ள மலிவான கேமரா ஒன்று இரவல் கிடைத்தது. நேராகப் பார்க்க மட்டும் உதவும். சுவரைப் பார்க்கச் சாய்ந்த கண்ணாடித் துண்டு ஒன்றை முனையில் கவ்வி மாட்ட வேண்டும். அந்தக் கவ்வியைக் கண்டதும் எனக்குப் பயம் வந்தது. அது கழன்று சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டைத் திறக்காமல் எடுக்க வழியில்லை. அதனால் பக்கவாட்டு லென்ஸும் சேர்ந்த இரட்டை லென்ஸ் கேமராவைச் சுமார் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். தடிமன் ஐந்தரை மில்லிமீட்டர். பிளக் துளைக்குள் தாராளமாகப் போகிறது.

அதிலும் குறைகள் உண்டு. லென்ஸ் தெளிவாகக் காட்டுவது மூன்று சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பதைத்தான். 56 மி.மீ. சிலிண்டரின் நடுவில் நிறுத்தினால் சுவர் அதை விட அருகில் இருக்கிறது. ஆகவே ஒரு சுவரைப் பார்க்க எதிர்ச்சுவரை ஒட்டிக் கேபிளை வளைத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழகக் கொஞ்சம் நாளாகும். முனையில் இருக்கும் விளக்குகளின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டினால் பளபளப்பான சுவர் வெள்ளையாக வெளிறிவிடும், கீறலே தெரியாது. பாதிக்கும் கீழே குறைத்து, கேபிளை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் கீறலாகத் தெரிவது மறு கோணத்தில் வெறும் ஆயில் கோடாக மாறும். சூடான எஞ்சினுக்குள் கேமராவை விடாதீர்கள், பசையிட்ட லென்ஸ் பெயரும். கைப்பேசிச் செயலி அடிக்கடி நின்றுபோகிறது. வெயிலில் திரையும் சரியாகத் தெரிவதில்லை. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் பார்க்கிறேன்.

பிஸ்டனைக் கிராங்க் பக்கமாக, அதாவது ஹெட்டை விட்டு விலகிய கோடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் சுவரும் துளைகளும் முழுவதும் தெரியும். பிஸ்டனின் முகத்தையும் தவறாமல் பாருங்கள். பழுப்பும் கறுப்புமாகக் கரி படிந்திருப்பது இயல்பு. முகம் கழுவித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எரியறைக்குள் தண்ணீர் போய் ஆவியாகிக் கரியைக் கழுவியிருக்கிறது என்று பொருள். ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாகப் பள்ளங்கள் இருந்தால் எரிபொருள் கண்ட நேரத்தில் வெடித்திருக்கிறது, அல்லது உடைந்த ரிங் துணுக்கு உள்ளே ஆடியிருக்கிறது. இவற்றில் எதையும் கேஜின் முள் பெயர் சொல்லிக் காட்டாது.

கசிவுமானிக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. பிஸ்டனை ஹெட்டின் பக்கம் கோடியில் நிறுத்தி, பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றை ஏற்ற வேண்டும். உள்ளே போகும் அழுத்தத்தை ஒரு முகப்பும், சிலிண்டரில் தங்குவதை மறு முகப்பும் காட்டும். இடைவெளிதான் கசிவு. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை. கயிறு இழுக்கும் வேகத்தை இது சார்ந்ததல்ல என்பது பெரிய நன்மை. ஆனால் கரையில் கம்ப்ரஸர் ஏது? பஞ்சர் கடைக்கு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போகிறோம். பிஸ்டன் கோடியிலிருந்து இம்மி விலகினாலும் காற்று அதைத் தள்ளிச் சுற்றிவிடும். ஃபிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு ஒருவர் பிடிக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், புரொப்பெல்லர் அருகே யாருடைய கையும் இருக்கக் கூடாது.

அதன் விளக்கத் தாள் ஃபோர்-ஸ்ட்ரோக்கை மனதில் வைத்து எழுதப்பட்டது. கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். நம் டூ-ஸ்ட்ரோக்கில் இந்த வால்வுகளே கிடையாது. ரிங்கைத் தாண்டும் காற்று கிராங்க் கேஸுக்குள் போனால் ரீட் வால்வு அதைக் கார்புரேட்டர் பக்கம் விடாமல் தடுக்கும். பெரும்பாலும் புகை வழியில்தான் சத்தம் கேட்கும். ஆக, எவ்வளவு கசிகிறது என்று தெரிந்தாலும் எந்த இடத்தில் என்று பிரித்தறிய முடிவதில்லை. ஹெட் கேஸ்கெட் ஒன்றில் மட்டும் இந்தக் கருவி எனக்கு உதவியிருக்கிறது. மாமா வீட்டு எஞ்சினில் ஒரு சிலிண்டர் 90க்கு இறங்கியிருந்தது. கேமராவில் பிஸ்டன் முகம் கழுவியது போலத் தெரிந்தது. காற்றை ஏற்றியதும் குளிர்விப்புத் தண்ணீர் பீய்ச்சும் சின்னத் துளையில் உஸ் என்று சீறியது. கேஸ்கெட் மாற்றிய பின் இரண்டு சிலிண்டரும் சமமாயின. உண்மையைச் சொன்னால் கேமரா பார்த்தபோதே விடை பாதிக்கு மேல் கிடைத்துவிட்டது. ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு வேறு. அவற்றில் பலவற்றில் கயிறு இலகுவாக இழுக்க வேண்டும் என்று அமுக்கத்தைத் தளர்த்தும் அமைப்பு இருக்கும். கேஜ் அங்கே குறைத்துத்தான் காட்டும். அவர்கள் கசிவுமானியை வாங்கலாம்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கரியால் ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டாலும் எண் இறங்கும். உடனே போரிங் என்று பட்டறைக்கு ஓட வேண்டாம். சுவரில் கீறல் இல்லை என்று கேமராவில் உறுதி செய்துகொண்டு, கரி நீக்கும் மருந்தைத் தெளித்து ஓர் இரவு ஊறவைத்து, ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ஒரு போரிங் செலவு மிச்சம்.

கேஜுக்கு நான் கொடுத்தது சுமார் 1,600 ரூபாய். வாங்கும்போது கடைக்காரரிடம் 14 மி.மீ. குட்டை மரை இருக்கிறதா, வால்வு பிளக் முனையில் இருக்கிறதா, உதிரி ஊசி தருவார்களா என்று மூன்றையும் கேளுங்கள். அடாப்டரின் ரப்பர் வளையம் பெட்ரோல் பட்டு உப்பிப்போகிறது. நைட்ரைல் வளையங்கள் நாலைந்து வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவைத்தால், நடுவில் கசிந்து தப்பான எண் காட்டாது.